அழும் குழந்தையும் ஆற்றும் கையும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் எழுதியிருந்தனர். கல்லூரியின் வரலாற்றையும், ஆசிரியப் பெருந்தகையோரின் அருங்குணங்களையும், விளையாட்டுக் களத்து வெற்றிகளையும் எழுதுதற்கு எம்மினுந் தக்கார் பலர் உளர். நாமோ இக்கல்லூரியிற் கற்று, வேறொரு கல்லூரியில் முப்பதாண்டு காலம் விஞ்ஞானம் கற்பித்து, இப்பொழுது ஓய்வாக இருக்கின்றோம். அண்மையில் எமக்கு வாய்த்த புதிய பாடம் எமது பேரன். ஆகவே அவனைப் பற்றியும், அவனை முன்னிட்டு நாம் கண்ட ஒரு சிகிச்சை முறையைப் பற்றியும் எழுதத் துணிந்தோம்.

கற்றோர் கூடிய மலரிற் கைக்குழந்தையின் அழுகைக்கு இடம் ஏது என வினவுவாரும் இருக்கலாம். இக்கல்லூரியின் பழைய மாணவருட் பெரும்பாலோர் தந்தையர், அல்லது பாட்டன்மார். அவருட் பலரின் மக்கள் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலுங் குடும்பம் நடத்துகின்றனர். ஊரிற் பத்துக் கைகள் மாறிமாறித் தூக்கிய குழந்தையை அங்கே இரண்டு கைகள் தனித்துத் தூக்குகின்றன. ஆதலின் இஃது ஒரு வீட்டின் கதை மாத்திரம் அன்று.

எம் மகளும் மருமகனும் இலண்டன் மாநகரின் வடமேற்குப் பகுதியில் வாழ்கின்றனர். மகள் கணக்காளர், மருமகன் பொறியியலாளர். தை மாதத்துக் கடுங்குளிரில் அவர்களின் தலைமகன் பிறந்தான். நீண்ட வேதனைக்குப் பின்னர் ஆயுதத்தின் துணைகொண்டே வைத்தியர் பிள்ளையை எடுத்தனர். தாயுஞ் சேயும் நலம் என்ற செய்தி கேட்டு நாமும் எம் மனைவியும் மகிழ்ந்தோம். ஆயின் பயண அனுமதி கைவரத் தாமதித்தமையால், பிள்ளை பிறந்து ஐந்து வாரங் கழிந்த பின்னரே இலண்டன் சேர்ந்தோம்.

அதற்கிடையில், மூன்றாம் வாரந் தொட்டு, அழுகை தொடங்கிவிட்டது. விளக்கேற்றும் வேளையாகும், பிள்ளையின் முகஞ் சிவக்கும், கால்களை வயிற்றோடு மடக்குவான், விரல்களை இறுகப் பொத்துவான், பின் வீடு அதிர அழுவான். பால் கொடுத்தாற் குடியான். தோளிற் போட்டால் ஆறான். கிடத்தினால் முன்னிலும் பெரிதாகக் கத்துவான். ஒன்பது பத்து மணிவரை இது நீளும். சில இரவுகளில் நள்ளிரவையுங் கடக்கும். மருமகன் அளவிலுங் கணக்கிலும் பற்றுள்ளவர். பிள்ளை அழுத நேரத்தை நாள்தோறும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வந்தார். ஆறாம் வாரத்தில் அது நாளொன்றுக்குச் சராசரி நாலரை மணி நேரம்.

குடும்ப வைத்தியர் பிள்ளையைத் தலைமுதற் கால்வரை சோதித்தார். நிறை முறைப்படி ஏறுகின்றது; காய்ச்சல் இல்லை; வயிறு மெத்தென்றிருக்கின்றது; பால் நன்றாகக் குடிக்கின்றான். "இது கொலிக், சில வாரங்களில் தானே மாறும்" என்றார். அவர் கூறியது முற்றும் உண்மை. ஆயின் பத்து நிமிடத்திற் கூறப்பட்ட உண்மை, நாள்தோறும் நாலரை மணி நேரம் ஒலிக்கும் அழுகையின் முன்னே நின்று பிடிப்பது எளிதன்று.

கொலிக் என்பது யாது? ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த குழந்தை வைத்தியர் வெசல் என்பாரும் அவர்தங் கூட்டாளரும் 1954 ஆம் ஆண்டில் இதற்கு ஓர் அளவு வகுத்தனர். வேறு நோயில்லாத குழந்தை நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலாக, வாரத்தில் மூன்று நாளுக்கு மேலாக, மூன்று வாரத்துக்கு மேலாக அழுமாயின் அது கொலிக் என்பது அவர் விதி. 1962 இல் பிறேசில்ற்றன் என்னும் வைத்தியர் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மாரைக் கொண்டு குறிப்பித்து ஆராய்ந்தார். சுகதேகிகளான அக்குழந்தைகளுங்கூட இரண்டாம் வாரத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரமும், ஆறாம் வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரமும் அழுதனர்; அதன்பின் அழுகை படிப்படியாக இறங்கியது. குழந்தையின் அழுகைக்கு ஏற்றமும் உச்சியும் இறக்கமும் உண்டென்பது இதனாற் புலனாகும். கொலிக்கிற்குரிய காரணத்தை வயிற்றில் தேடினர், பாலில் தேடினர், முதிராத நரம்பு மண்டலத்தில் தேடினர். யாவர்க்கும் ஒப்ப முடிந்த காரணம் இன்றுவரை கிடைத்திலது. மூன்று நான்கு மாதத்திற் பெரும்பாலும் அடங்கிவிடும் என்பதொன்றே உறுதி.

காரணந் தெரியாத துன்பத்துக்குப் பரிகாரங் கூறுவோர் பலராதல் உலகியல்பு. தாய்மாருங் கைக்குழந்தைகளுங் கூடும் ஒரு சங்கத்தில் எம் மகளுக்கு மூவர் ஒரே ஆலோசனை கூறினர்: "கபால ஒஸ்தியோபதி செய்பவரிடங் கொண்டுபோ. ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளையல்லவா? தலையோடு நெருக்குண்டிருக்கும்; அவர்கள் கையால் தொட்டுத் தளர்த்தி விடுவார்கள்." மகள் அன்றிரவே நேரங் குறித்துவிட்டாள். மருமகன் மறுக்கவில்லை. எதனையும் மறுக்கும் வலிமை அவரிடத்து அப்பொழுது இல்லை.

பிள்ளைக்கு ஏழாம் வாரம் நடக்கையில் நாமும் உடன் சென்றோம். சிறிய, வெதுவெதுப்பான அறை. வெளிச்சம் மென்மையாக இருந்தது. நடுத்தர வயதினரான ஓர் அம்மையார் எம்மை வரவேற்றார். அவருடைய பதிவுப் பத்திரஞ் சுவரில் தொங்கியது. பிள்ளையைத் தொடுவதற்கு முன் ஏறக்குறைய அரை மணி நேரம் அவர் வினவிக்கொண்டே இருந்தார். கருவுற்ற காலம் எப்படி? வேதனை எத்தனை மணி நேரம்? ஆயுதம் போட்டபோது அருகில் இருந்தவர் யார்? பால் குடிக்கும்போது பிள்ளை எந்தப் பக்கந் திரும்புகிறான்? இறுதியாக, "உமக்கு எப்படி இருக்கிறது? நீர் எப்போது நித்திரை கொண்டீர்?" என்று கேட்டார். எம் மகள் விடை கூறவில்லை, அழுதாள். அம்மையார் எழுந்திருக்கவுமில்லை, கடிகாரத்தைப் பார்க்கவுமில்லை; அவள் அழுது ஓயும்வரை காத்திருந்தார்.

பின்னர் பிள்ளையை மெத்தையிட்ட மேசையிற் கிடத்தி, ஒரு கையை அவன் பிடரியின் கீழும் மறு கையை இடுப்பின் கீழும் வைத்தார். பிடித்தலில்லை, அழுத்தலில்லை, முறித்தலில்லை. சில கிராம் நிறையளவே அக்கையின் பாரம் என்று கூறினார். பார்ப்பவர்க்கு அவர் ஒன்றுஞ் செய்யாது இருப்பதுபோலவே தோன்றும். இடையிடையே விரல்களைச் சற்றே மாற்றி நெற்றியின் இருமருங்கும் வைத்தார். இருபது நிமிடத்திற் பிள்ளை உறங்கிவிட்டான். "தலையோட்டின் அடிப்பகுதி இறுகியிருந்தது, இன்னும் இருமுறை கொண்டு வாருங்கள்" என்றார். கட்டணம் ஐம்பத்தைந்து பவுண்.

இச்சிகிச்சையின் வரலாறும் அறியத்தக்கது. ஒஸ்தியோபதி என்னும் முறையை ஐக்கிய அமெரிக்காவில் அந்திரூ தெயிலர் ஸ்ரில் என்னும் வைத்தியர் 1874 இல் வெளிப்படுத்தினார். 1892 இல் மிசூரி மாநிலத்துக் கேர்க்ஸ்வில் என்னும் ஊரில் அதற்கென ஒரு கல்லூரியும் நிறுவினார். என்பும் தசையும் தத்தம் நிலையிற் செவ்வனே அமைந்தால் உடல் தன்னைத் தானே செப்பஞ் செய்யும் என்பது அவர் கொள்கை. அக்கல்லூரியில் 1900 இற் பட்டம் பெற்ற வில்லியம் காணர் சதர்லாந்து என்பார், கல்லூரியிற் பகுதி பகுதியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்த ஒரு மண்டையோட்டைக் கண்டார். காதின் அருகேயுள்ள என்பின் சாய்ந்த விளிம்பு மீனின் செவுளைப்போல அவருக்குத் தோன்றியது. செவுள் மூச்சுக்காக அசைவதன்றோ? அங்ஙனமாயின் மண்டையென்புகளும் அசைவதற்கென அமைந்தனவே எனக் கருதிய அவர், பல்லாண்டு தம் தலையிலேயே பட்டிகளைக் கட்டிச் சோதித்து, 1939 இல் தம் கொள்கையை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்துக்கு ஒஸ்தியோபதியைக் கொண்டு வந்தவர் ஸ்ரில்லின் மாணாக்கரான யோன் மாட்டின் லிற்றில்யோன். அவர் இலண்டனிற் பள்ளி நிறுவியது 1917 இல். பின்னர் 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி ஒஸ்தியோபதியர்க்கு ஒரு பொதுச் சபை அமைந்தது. அச்சபையிற் பதிவு பெறாதார் அப்பெயரை இட்டுக்கொள்ளல் அங்கே குற்றமாகும்.

சதர்லாந்தின் கொள்கை இரு தூண்களின்மீது நிற்கின்றது. மண்டையென்புகள் வாழ்நாள் முழுதும் நுண்ணிதாக அசைகின்றன என்பது ஒன்று. மூளைய முண்ணாண் பாய்பொருள் ஒரு தாளத்தோடு ஏறி இறங்குகின்றது, பயின்ற கை அத்தாளத்தை உணரும் என்பது மற்றொன்று. இவற்றை நாம் அறிந்த உடலமைப்பியலோடு ஒத்துப் பார்த்தோம். பிறந்த குழந்தையின் மண்டையென்புகள் தனித்தனியாக இருப்பது மெய்யே. பிரசவ வழியில் அவை ஒன்றன்மேலொன்று ஏறிக் குழந்தைக்கு வழிவிடுகின்றன. சில நாளிலோ சில வாரத்திலோ தாமே நிலைக்கு மீளுகின்றன. பின்புறத்து உச்சிக்குழி இரண்டு மூன்று மாதத்திலும், முன்புறத்து உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதளவிலும் மூடும். ஆயின் வளர்ந்தோரின் மண்டையென்புகள் பற்சக்கரம்போல் ஒன்றோடொன்று கோத்து இறுகுவன. விரலின் மென்மையான பாரம் அவற்றை அசைக்குமென்பதற்குச் சான்றில்லை. தாளத்தின் கதியோ இதனினும் மெலிது. 1994 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற மூவர் ஒரே நோயாளர் பன்னிருவரின் தலையைத் தொட்டுத் தாளத்தை எண்ணினர். ஒருவர் எண்ணியது மற்றவர் எண்ணியதோடு ஒத்துவரவில்லை. நாடி பிடிப்போர் மூவர் மூன்று எண் கூறின், நாடியை ஐயுறுவதா, விரலை ஐயுறுவதா?

கொள்கை பொருந்தாவிடினும் பயன் கிட்டலாம் அன்றோ என்று கேட்பது நியாயமே. காரணம் அறியாமலே நம் முன்னோர் பயன் கண்ட மருந்துகள் பல. ஆகவே பயனை நோக்குவோம்.

எம் பேரன் மூன்று முறை அவ்வம்மையாரிடஞ் சென்றான். முதன்முறை சென்ற இரவு ஒன்பது மணிக்கே உறங்கினான். வீடெங்கும் நிலவிய அமைதியை நம்ப இயலாது மகள் இருமுறை எழுந்து அவன் மூச்சு வருகின்றதா எனப் பார்த்தாள். மூன்றாம் நாள் பழைய அழுகை மீண்டது. எட்டாம் வாரத்தில் சராசரி மூன்றரை மணி நேரம். ஒன்பதாம் வாரத்தில் இரண்டரை. பதினோராம் வாரத்தில் ஒன்றரை. பன்னிரண்டாம் வாரத்தில் ஒரு மணி. "கபால ஒஸ்தியோபதி என் பிள்ளையைக் காப்பாற்றியது" என்று மகள் தோழியர்க்கெல்லாங் கூறினாள்.

நாம் அங்கிருந்த ஐந்து மாத காலத்திற் பிற பெற்றோர் பலரோடும் பேச நேர்ந்தது. அதே தெருவில் வாழும் தமிழ்த் தாய் ஒருத்தி, ஒரே முறை கொண்டு சென்ற அன்று தொட்டுத் தன் மகள் நன்றாக உறங்குவதாகச் சத்தியஞ் செய்தாள். அண்டை வீட்டு ஆங்கிலப் பெண்மணியோ நான்கு முறை சென்று இருநூறு பவுணுக்கு மேற் செலவிட்டும் மாற்றங் காணவில்லை. ஈற்றில் வைத்தியர் அவர் பிள்ளைக்குப் பசுப்பாற் புரதம் ஒவ்வாமையைக் கண்டறிந்து உணவை மாற்றிய பின்னரே அழுகை ஓய்ந்தது. தாதியராகப் பணிபுரியும் தந்தை ஒருவர், "பிள்ளைக்குப் பயன்பட்டதோ தெரியாது, அன்றிரவு என் மனைவி நித்திரை கொண்டாள், அதற்காகவே அந்தப் பணங் கொடுக்கலாம்" என்றார். இம்மூவர் கூற்றிலும் பொய் யாதும் இல்லை. மூவருந் தாம் கண்டதையே கூறினர்.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்பது பனைநாட்டார் யாவரும் அறிந்த பழமொழி. எம் மகள் வீட்டுப் பனைமரத்திலே ஒரு காகமன்று, மூன்று காகங்கள் இருந்தன. ஒன்று ஒஸ்தியோபதி அம்மையாரின் கை. மற்றொன்று மருமகன் மருந்துக் கடையில் வாங்கி வந்த துளிமருந்து. மூன்றாவது எம் மனைவி. நாம் சென்றிறங்கிய மறுநாள் தொட்டு அவர் பிள்ளையை இளஞ்சூட்டு நீரிற் குளிப்பாட்டி, மடியிற் குப்புறக் கிடத்தி முதுகைத் தடவி, மாலை முழுவதுந் தோளிற் சுமந்து தாலாட்டினார். "அந்த வெள்ளைக்கார மனிசியின்ரை கையில்லை, என்ரை கைதான் பிள்ளையை மாத்தினது" என்று அவர் இன்றும் வாதிடுவார். பழமோ ஆறாம் வாரந் தொட்டே கனியத் தொடங்கிவிட்டது. மருமகனின் குறிப்புப் புத்தகத்தை நாம் பலமுறை புரட்டினோம். இறக்கம் ஒரே சீராக இருந்தது; அம்மையாரிடஞ் சென்ற நாளிலே ஒரு படி இறங்கியதாகத் தெரியவில்லை. பிறேசில்ற்றன் குறித்த ஏற்றத்தையும் இறக்கத்தையுமே, அளவிற் பெரிதாக, அப்புத்தகமுங் காட்டிற்று.

இவ்விடத்தில் எமது கல்லூரியின் விஞ்ஞான கூடத்தை நினையாதிருத்தல் இயலாது. ஒளித்தொகுப்பைக் கற்பித்த எம் ஆசிரியர் இலையொன்றைக் கறுத்தத் தாளால் மூடுவித்து, மறுநாள் அதனை அயடீனில் இடச் செய்வார். நிறம் மாறாது. "ஒளி இல்லாமையால் மாப்பொருள் இல்லை" என நாம் அவசரமாக எழுதுவோம். அவர் பேனையைத் தடுத்து, "மூடாத இலை எங்கே?" என்பார். மூடாத இலையையும் அயடீனில் இட்டு, அது கருநீலமாவதைக் கண்ட பின்னரே எழுத விடுவார். மூடாத இலையின்றி மூடிய இலை எதனையுங் கூறாது. ஆறு வாரத்தில் உச்சியடைந்து மூன்று மாதத்தில் தானே அடங்கும் ஒரு துன்பத்துக்கு, உச்சியிலே எதனைக் கொடுத்தாலும் அது பயன் தந்ததுபோலவே தோன்றும். ஆதலின் தொட்ட குழந்தையைத் தொடாத குழந்தையோடு ஒப்பிடல் வேண்டும்.

அத்தகைய ஒப்பீடுகள் நடந்துள்ளன. 2006 இல் வெளிவந்த ஓர் ஆங்கிலேய ஆய்வில் 28 குழந்தைகள் இரு பிரிவாக்கப்பட்டனர். கபால ஒஸ்தியோபதி பெற்றோரின் அழுகை நான்கு வாரத்தில் 63 வீதங் குறைந்தது. பெறாதோரின் அழுகை 23 வீதங் குறைந்தது. கேட்டற்கு இனிய செய்தி. ஆயின் தம் பிள்ளை எப்பிரிவில் உள்ளதென்பதை அப்பெற்றோர் அறிவர். அழுகையை அளந்தவரும் அவரே. நம்பிக்கையோடு அளப்பவரின் நாழிகை சற்றுச் சுருங்குதல் இயல்பு. 2012 இல் இவ்வகைக் கைச்சிகிச்சை ஆய்வுகள் ஆறனை, 325 குழந்தைகளின் விபரத்தோடு, கொக்கிறேன் அமைப்பினர் ஒருங்கு தொகுத்து ஆராய்ந்தனர். ஆய்வுகள் சிறியன, பக்கச் சார்புக்கு இடந்தருவன எனக் கண்டனர். பெற்றோர்க்குப் பிரிவு தெரியாதவாறு நடந்தவற்றை மாத்திரம் எடுத்துக் கூட்டியபோது, உறுதியான வேறுபாடு எஞ்சவில்லை. பின்னர் 2024 இல் வெளிவந்த ஆய்வு எம் ஆசிரியர் மெச்சத்தக்கது. 60 இற்கு மேற்பட்ட குழந்தைகளுள் ஒரு பிரிவினருக்கு ஒஸ்தியோபதியர் வழமையான சிகிச்சையைச் செய்தனர்; மறுபிரிவினரைச் சிகிச்சை நோக்கமின்றி வெறுமனே மென்மையாகத் தொட்டனர். எது எதுவெனப் பெற்றோர் அறியார். அழுத நேரத்தில் இரு பிரிவுக்குங் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

எனவே இதுகாறும் உள்ள சான்றைக் கொண்டு, மண்டையென்பைத் தளர்த்துங் கலை கொலிக்கைத் தீர்க்குமெனக் கூறுதற்கில்லை. விளம்பரங்களை மேற்பார்வை செய்யும் பிரித்தானிய அமைப்பும், தக்க சான்றின்றிக் குழந்தை நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரஞ் செய்தலை அனுமதிப்பதில்லை.

ஆயின் இவ்வளவோடு கட்டுரையை முடிப்போமாயின், எம் மகள் பெற்றது யாது என்ற வினாவுக்கு விடையின்றிப் போகும். அவள் எதனையோ பெற்றாள் என்பதில் ஐயமில்லை. அதனை எமக்கு உணர்த்தியவர் மருமகனே. ஓரிரவு பிள்ளை உறங்கியபின் அடுக்களையிலே தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், தலை நிமிராமல் அவர் கூறினார்: "மாமா, நீங்கள் வாறதுக்கு முந்தி ஒரு நாள் இரவு, இவனைத் தொட்டிலிலை கிடத்திப்போட்டு வெளியிலை போய்ப் படியிலை இருந்தனான். என்ரை கையை எனக்கே நம்பேலாமல் கிடந்தது."

அச்சொற்களை நாம் மறவோம். பண்பும் படிப்பும் உள்ள ஓர் இளைஞர், தம் மகனை உயிரினும் மேலாக நேசிப்பவர், பதினைந்து நாள் நித்திரையின்றி வந்து நின்ற எல்லை அது. அவ்வெல்லையைத் தாண்டிக் குழந்தையை உலுப்பிவிட்ட பெற்றோர் எந்நாட்டிலும் உளர். கைக்குழந்தையின் கழுத்து தலையைத் தாங்கும் வலிமையற்றது. சில கணம் வன்மையாக உலுப்பினாலே மூளையிற் குருதி கசிந்து பார்வையோ அறிவோ உயிரோ போகலாம். மருமகன் செய்தது முற்றுஞ் சரியானதென அவருக்குக் கூறினோம். பிள்ளையைப் பத்திரமாக மல்லாக்கக் கிடத்தி, கதவைச் சாத்தி, சில நிமிடம் விலகியிருந்து, மனம் ஆறியபின் மீளுதல் குற்றமன்று, அதுவே அறிவுடைமை. அங்குள்ள சுகாதாரத் துறையினரும் இன்று இதனையே பெற்றோர்க்குக் கற்பிக்கின்றனர்.

ஆகவே கபால ஒஸ்தியோபதியிற் பெற்றோர் காணும் நன்மையை நாம் இவ்வாறு விளங்கிக் கொண்டோம். அவ்வறையிலே பிள்ளையின் தலையை ஒரு கை தொட்டது. தாயின் மனத்தை ஒரு வினா தொட்டது. ஒரு மணி நேரம் வேறெவரும் அவசரப்படுத்தாமல் அவள் கதையைக் கேட்டார்கள். "நீ செய்தது பிழையன்று, பிள்ளைக்கு ஒரு காரணத்தால் இப்படி இருக்கிறது, அது மாறும்" என்ற சொல்லைக் கேட்டு அவள் வெளியே வந்தாள். கூறப்பட்ட காரணம் ஐயத்துக்குரியது. கிடைத்த ஆறுதல் ஐயத்துக்குரியதன்று. ஆறிய தாயின் தோளிற் பிள்ளையும் சற்று ஆறலாம். ஆறாவிடினும், அழும் பிள்ளையைச் சுமக்கும் வலிமை அவளுக்கு மீண்டது. ஐம்பத்தைந்து பவுண் கொடுத்து அவள் வாங்கியது ஒருகாலத்தில் எம் முற்றங்களில் விலையின்றிக் கிடைத்த பொருள்.

அம்முற்றத்தைப் புகழ்வதிலும் அளவு வேண்டும். முப்பத்தொரு நாளும் அம்மம்மா குளிக்க வார்த்துத் தலை பிடித்து, மூக்குப் பிடித்து, நாவூறு கழித்த வீடுகளிலே பிள்ளைகள் அழாமல் இருந்தார்களில்லை. வசம்பும் ஓமத் தண்ணீரும் உரை மருந்தும் அவர்களுக்கும் ஊட்டப்பட்டன. நொற்றிங்காம் நகரத்து வூட்வார்ட் என்பார் 1851 இல் ஆக்கிய கிறைப் வாட்டர், கடல் கடந்து வந்து எம்மவர் அலுமாரியிலும் இடம் பிடித்தது. அதிலே நெடுங்காலம் மதுசாரமுஞ் சேர்ந்திருந்தது என்பதைப் பல அம்மம்மாமார் அறியார். ஆறு மாதம்வரை தாய்ப்பாலன்றி வேறொன்றும் ஊட்டலாகாதென உலக சுகாதார நிறுவனம் விதிக்கின்றது. தலையை உருட்டிப் பிடித்தலால் ஆகும் நன்மையுமில்லை. அவற்றை விடுத்து நாம் காக்க வேண்டியது சுமக்குந் தோளை. கனடாவின் மொன்றியல் நகரில் நடந்து 1986 இல் வெளியான ஆய்வொன்றில், நாள்தோறும் மிகுதியாகத் தூக்கிச் சுமக்கப்பட்ட குழந்தைகள், ஆறாம் வாரத்திலே, மற்றைக் குழந்தைகளினும் 43 வீதங் குறைவாக அழுதனர். கொலிக் முற்றிய பின்னர் சுமத்தல் அத்துணைப் பயன் தரவில்லையென அதே ஆய்வாளர் பின்னாளிற் கண்டதையும் உடன் கூறல் நேர்மை. எனினும் எம் மனைவியின் வாதத்துக்கு இதனால் ஓரளவு வலிமை உண்டென ஒப்புக்கொண்டோம். அவர் அதற்குமேல் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை.

ஈற்றில், இத்துன்பத்தில் நிற்கும் இளம் பெற்றோர்க்குச் சில சொற்கள். அழும் பிள்ளையை முதலில் வைத்தியரிடமே காட்டுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியசோ அதற்கு மேலோ காய்ச்சல் இருப்பினும், பச்சை நிற வாந்தி வரினும், உச்சிக்குழி புடைத்து நிற்பினும், பால் குடியாது சோர்ந்து கிடப்பினும், அழுகையின் தொனி வழக்கத்துக்கு மாறிக் கீச்சென ஒலிப்பினும் சிறிதுந் தாமதித்தல் ஆகாது. அவ்வாறு யாதுமில்லையென வைத்தியர் உறுதி கூறிய பின்னர், ஒஸ்தியோபதியரை நாட மனம் விழையின் நாடுங்கள். ஆயின் பதிவு பெற்றவரை நாடுங்கள். இதனையொத்த பெயரோடு, சட்டப் பதிவு வேண்டப்படாத வேறு சிகிச்சையாளரும் அங்கே உளர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். கழுத்தை முறிப்பவரிடமும், தடுப்பூசி வேண்டாமென்பவரிடமும், பன்னிரண்டு முறைக்கு முற்பணங் கேட்பவரிடமும் பிள்ளையைக் கொடாதீர்கள். இரண்டொரு முறையிற் பயன் காணாவிடின் நிறுத்துங்கள். உங்கள்மீது குறை காணாதீர்கள்.

எம்போன்ற மூத்தோர்க்கு ஒரு சொல். பயண அனுமதி எல்லோர்க்குங் கிடைப்பதன்று. கிடைத்தாலும் உடல் இடந்தருவதன்று. ஆயினும் தொலைபேசி எல்லோரிடமும் உண்டு. கடலுக்கு அப்பாலிருந்து மகளோ மருமகளோ அழைக்கும்போது, வசம்பு கொடுத்தாயா, வயிற்றுக்கு எண்ணெய் பூசினாயா என்று பரிகாரங்களை அடுக்குவதை ஒருபுறம் வைத்து, "நீ சாப்பிட்டனியே பிள்ளை? எப்ப நித்திரை கொண்டனி?" என்று முதலிற் கேட்போமாக. கேட்டபின் அவள் கூறுவதை முடியும்வரை செவிமடுப்போமாக. அதற்குப் பதிவும் வேண்டுவதில்லை, கட்டணமும் வேண்டுவதில்லை.

இக்கல்லூரியில் இன்று கற்கும் மாணவச் செல்வர்க்கும் ஒன்று கூறி அமைவோம். ஒருவர் நன்றியோடு கூறும் அனுபவத்தை எள்ளி நகையாடற்க. அதனையே சான்றாகக் கொள்ளவுஞ் செய்யற்க. மூடாத இலை எங்கேயென்று வினவும் அறிவும், அழுபவள் ஓயும்வரை காத்திருக்கும் பொறுமையும் ஒருவரிடத்தே சேர்ந்திருத்தல் கூடும். அவ்விரண்டையும் ஒருங்கே வளர்க்கும் கல்விக்கூடமாக எமது கல்லூரித் தாய் நீடு வாழ்க.